வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு மாதம்

1

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் மிகவும் வீணானது புகைப்படம்தான். இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டும் பொறுப்பு, வேறு தகுதியான ஆள் அகப்படாத காரணத்தால், இதை எழுதுகிறவன் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அவன் மறுக்கவில்லை. பெரிய பொறுப்புகளை மறுத்து அவனுக்குப் பழக்கமில்லை. சின்ன வேலைகளைத்தான் மறுப்பான். (சந்தேகமிருந்தால் அவன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.)

அவனுடைய வாதம் எளிமையானது. கண் இருக்கிறது, பார்க்கிறோம், முடிந்தது. பார்த்ததை ஒரு சதுரத்துக்குள் அடைத்து வைத்து, பிறகு அந்தச் சதுரத்தையும் பார்க்காமல் விடுவதற்கு எதற்கு ஒரு கருவி? அதைவிட மோசம், ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் "அசையாதீங்க" என்று சொல்வது. அலமாரியிடம் சொல்லலாம். அலமாரி கேட்கும். உயிருள்ள ஒருவரிடம் அந்த வார்த்தையைத் தன் வாய் ஒருநாளும் சொல்லாது என்று எழுதுகிறவன் இங்கே, சாட்சிகள் முன்னிலையில், அதாவது உங்கள் முன்னிலையில், அறிவிக்கிறான்.

இனி, இந்தக் கதை பிறந்த விதம். கல்லூரியில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே உள்ள சுவரில் மாதம் ஒருமுறை ஒரு பத்திரிகை ஒட்டப்படுகிறது. அதன் நையாண்டிப் பத்தி இவனுடையது. அவசரமாகப் போகிறவர்கள் முதல் வரியையும், நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் கடைசி வரியையும் படிப்பார்கள். அதனால் நடுவில் என்ன எழுதினாலும் நடக்கும் என்பது அவன் கண்டறிந்த இலக்கியக் கோட்பாடு.

அந்த மாதம் எழுத விஷயம் இல்லை. அப்போதுதான் அத்தை கூப்பிட்டாள்.

"டேய் பேனா, ஒரு மாசத்துக்கு சாயங்காலம் சும்மாதான இருக்க?"

"எழுத்தாளன் சும்மா இருக்கிறது வேற, மத்தவங்க சும்மா இருக்கிறது வேற அத்தை."

"அப்ப சும்மாதான். வா. ஒரு துணி பிடிக்கணும்."

பேனா என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பெயர். பாராட்டாக வைத்ததல்ல. எழுதுகிறவனும் பேனாவும் ஒரே ஆள்தான். நடந்த இடத்தில் இருந்தவன் பேனா. பிறகு உட்கார்ந்து பெருமையடிப்பவன் எழுதுகிறவன்.

2

தொடங்கிப் பார்த்த விதங்கள்:

"அந்த நகரத்தில் காலை என்பது பால் வண்டியின் சத்தத்தோடு —" (கைவிடப்பட்டது. எந்த நகரத்தில்தான் வராது?)

"ஒளியும் நிழலும் சங்கமிக்கும் —" (எழுதுகிறவனுக்கே கொட்டாவி வந்தது.)

"அத்தையின் ஸ்டூடியோவில் இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை."

இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

அத்தை எடுப்பது பாஸ்போர்ட் படம் மட்டும். பல் வைத்தியரின் அறைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே, ஒரு கதவு, ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, திருகினால் உயரும் ஸ்டூல், கம்பியில் தொங்கும் வெள்ளைத் துணி. சட்டங்கள் மூன்று. சிரிக்கக் கூடாது. பின்னணியில் நிழல் விழக் கூடாது. இரண்டு காதும் தெரிய வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும் அலுவலகத்தில் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தை எடுத்த படம் திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமை அவளுக்கு உண்டு. அதை அவள் வெளிக்காட்டுவதில்லை, வாடிக்கையாளர் உள்ளே வந்து உட்காரும்வரை.

மாமா இந்தக் கதையில் வரமாட்டார். வீட்டுக்கும் அதிகம் வரமாட்டார். சரக்குக் கப்பலில் வேலை.

அத்தை மகள் வருவாள். (அத்தை மகள் என்றதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. சாய்ந்துகொள்ளுங்கள். அந்தக் கதை இல்லை இது.) பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவள். அந்த வேலை கடல் தாண்டி ஓர் ஊரில் கிடைத்திருந்தது. திருவிழா முடிந்த மறுநாள் காலை விமானம்.

சின்ன வயதிலிருந்து அவளுடைய ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அத்தை ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டினாள். புதுச் சட்டை, வெள்ளைத் துணி, சிரிக்காத முகம், இரண்டு காது. காதுகள் கொஞ்சம் தாராளமானவை. அந்தப் படங்களில் ஒன்று எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ஜாடி. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு விடுமுறையில் அவள் சுவரிலிருந்த படங்களை எல்லாம் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முடியைக் காதுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். முடி இன்றுவரை அங்கேயே இருக்கிறது. ஆணிகளும் சுவரிலேயே இருக்கின்றன.*

* அத்தை ஆணிகளை ஏன் பிடுங்கவில்லை என்று எழுதுகிறவன் ஒருமுறை கேட்டான். "சுவரு பேந்துரும்," என்றாள்.

வேலை உறுதியான அன்று சாப்பிடும்போது அத்தை மகள் சொன்னாள்:

"அம்மா, நான் போறதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு படம் எடுத்துக் குடு. அங்க ரூம் சுவத்துல ஒட்டணும். இந்த ஊரு இருக்கணும். தெரு, ஜனம், திருவிழா, எல்லாம். போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டி வைக்கிற மாதிரி மட்டும் வேண்டாம்மா, ப்ளீஸ்."

"நல்லா வரலன்னா?"

"சுவரு சும்மா கிடக்கட்டும். வேற யாரு எடுத்ததையும் ஒட்டப் போறதில்ல."

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். கடைசியாகச் சொன்னதை அவள் எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிய ஒரு பத்தி இங்கே இருந்தது. எடுத்துவிட்டான்.

3

மறுநாள் சாயங்காலம் அத்தை கடையைச் சாத்திவிட்டு, கழுத்தில் கேமராவும் கையில் ஸ்டூலுமாக வெளியே வந்தாள். பேனா தோளில் ஒரு மூட்டை. அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. கம்பியிலிருந்து கழற்றிய அதே வெள்ளைத் துணி.

"அத்தை, நாம ஊரப் படம் எடுக்கப் போறோம்."

"ஆமா."

"இதப் பின்னால பிடிச்சா ஊரு மறைஞ்சிரும்."

"பின்னால இவ்வளவு கசகசன்னு இருந்தா மனுஷன் எங்கடா தெரிவான்? பிடி."

இப்படித்தான் ஒரு மாதம் தொடங்கியது. சாவிக் கடைக்காரர் தன் கடை வாசலில், வெள்ளைத் துணி முன்னால். ரொட்டி சுடுகிறவர், புருவத்தில் மாவோடு, வெள்ளைத் துணி முன்னால். போக்குவரத்துக் காவலர் நாற்சந்தி நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் துணி முன்னால். வண்டிகள் ஹாரன் அடித்தன. அத்தைக்கு அது காதில் விழவில்லை.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கலம்மா, என் மூஞ்சியே இப்படித்தான்," என்றார் காவலர்.

"அப்ப கொஞ்சம் கவலையா எதையாவது நினைங்க. அசையாதீங்க. காது தெரியணும்."

துணிக்குப் பின்னாலிருந்து பேனா கத்தினான். "அத்தை, அவரு ட்ராஃபிக்க நினைச்சாலே போதும்!"

"நீ பேசாத. துணி ஆடுது."

ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய் அவன் நையாண்டிக் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தான். "நகரமே இல்லாத நகரப் படங்கள்" என்று தலைப்பு. "காது தெரியணும்" என்ற மந்திரம் அதில் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. நண்பர்களிடம் அத்தை குரலிலேயே சொல்லிக் காட்டினான். சாப்பாட்டுக் கூடமே உருண்டது. ஒருவன் தேநீரில் மூக்கை விட்டுக்கொண்டு "காது தெரியணும், காது தெரியணும்" என்று அரற்றினான்.

4

இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு அத்தைமேல் ஒரு சந்தேகம் வருகிறது. ஆளாக அல்ல, பாத்திரமாக. பெற்ற பெண் கேட்டது இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, இப்படி ஒருத்தி துணியைத் தூக்கிக்கொண்டு அலைவாளா? வாசகர் நம்புவாரா? அவளைக் கொஞ்சம் மாற்றி, பிடிவாதக்காரி என்றோ, மறதிக்காரி என்றோ —

இல்லை. அவள் அப்படி இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்தவளை வெளியே கொண்டு வந்து நிறுத்தினால், அவள் அந்த ஜன்னலையும் கையோடு எடுத்து வருகிறாள். அவ்வளவுதான். எழுதுகிறவனும் எங்கே போனாலும் கிண்டலை எடுத்துக்கொண்டுதான் போகிறான்.

(அடுத்த வாக்கியம் இதைவிட ஆழமாக இருந்ததால் நீக்கப்பட்டது.)

சொல்ல வேண்டியது வேறொன்று. துணிக்குப் பின்னால் இருந்த அந்த மாதத்தைப் பற்றி.

சீக்கிரமே பேனா ஒரு வசதி கண்டுபிடித்தான். துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சரணடைந்தவன் மாதிரி நிற்பது. அப்போது முதுகுப் பக்கம் அத்தையும் அவள் உட்கார வைத்த ஆளும். முகத்தின் பக்கம், படத்தில் வராத ஊர் முழுக்க.

சாயங்கால வெயில் சுவர்களில் இறங்கி, இறங்குகிற அவசரம் எதுவுமில்லாமல், ஒவ்வொரு ஜன்னலாக விசாரித்துக்கொண்டு போனது. சலவைக் கடையின் நீராவி தெருவைக் கடந்து எதிர்ப்பக்க மரத்துக்குள் நுழைந்தது. மரம் சற்று நேரம் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பேருந்து ஒன்று திரும்பும்போது அதன் கண்ணாடிகளில் எதிர்க்கட்டிடம் முழுக்க வழுக்கிக்கொண்டு போய், மறுபடி தன் இடத்தில் வந்து நின்றது. மேல் மாடியில் ஒருத்தி போர்வையை உதறினாள். அதிலிருந்து விழுந்தது தூசிதான். ஆனால் விழுந்த விதம் —

விழுந்த விதத்தைச் சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. நையாண்டிக்காரனின் பையில் அந்த மாதிரிச் சாமான் இருக்காது. தேடினான். கைகள் மரத்துப் போயிருந்தன. தலைக்கு மேல் துணி லேசாக மூச்சிழுத்தது. அதன் சோப்பு வாசனையும் பின்னால் அத்தையின் குரலும் சேர்ந்து, தண்ணீருக்கு அடியில் நின்று ஊரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒருநாள் படம் எடுத்து முடித்து, உட்கார்ந்திருந்தவர் போய், அத்தை ஸ்டூலைத் தூக்கிய பிறகும் அவன் கையைத் தூக்கிக்கொண்டே நின்றான்.

"டேய், முடிஞ்சிருச்சுடா."

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன் அத்தை."

"எதுக்கு?"

அந்த நாளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

5

திருவிழாவுக்கு முந்தைய நாள் அத்தை படங்களை எல்லாம் அச்சிட்டு, ஸ்டூடியோ தரையில் வரிசையாகப் பரப்பினாள். காவலர், ரொட்டிக்காரர், சாவிக்காரர், சலவைக்காரி, மீன் விற்கிறவள், பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். ஊரே சிரிக்காமல் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தது.

அத்தை மகள் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். பேனா கதவோரம் நின்று, இவள் இப்போது சிரித்துவிட்டால் கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைக்கும் என்று காத்திருந்தான்.

"அம்மா, இதுல ஊரே இல்லம்மா."

"ஆளுங்கதான ஊரு."

"எல்லாரும் தனித்தனியா இருக்காங்களே. விசா வாங்க வந்த மாதிரி." குரலில் கோபமில்லை. அதுதான் தொல்லையாக இருந்தது. பிறகு குனிந்து ஒரு படத்தை எடுத்தாள். "இது என்ன, மேல ஓரத்துல?"

"அது பேனா விரலு."

"இதுலயும் இருக்கு."

"எல்லாத்துலயும் இருக்கும். துணி பிடிச்சது அவன்தான."

"வெட்டிர வேண்டியதுதான? கடையில எல்லாத்தையும் வெட்டித்தான குடுப்ப?"

"வெட்டினா துணி தானா நிக்கிற மாதிரி ஆயிரும். பிடிச்சிட்டு ஒருத்தன் நின்னான்ல."

பேனா போய்ப் பார்த்தான். உண்மைதான். ஒவ்வொரு முகத்துக்கும் மேலே, இரண்டு மூலைகளிலும், அவன் விரல்கள் துணியைக் கவ்விக்கொண்டிருந்தன. மரத்தில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிற சின்னப் பிராணிகள் மாதிரி. (இந்தக் கதையில் அடைப்புக்குறிகள் அடிக்கடி எட்டிப் பார்ப்பது ஏன் என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள்.)

அத்தை மகள் படத்தைக் கீழே வைத்தாள். எடுத்த இடத்திலேயே, கோணாமல்.

"வேண்டாம்மா. சுவரு சும்மாவே இருக்கட்டும். பரவால்ல."

அத்தை படங்களைப் பொறுக்கி அடுக்கினாள். அடுக்கின் ஓரங்களை மேசையில் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். சமமான பிறகும் தட்டினாள்.

"டீ போடட்டா?" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போன பேனா கட்டுரையை எடுத்துப் படித்தான். நன்றாகத்தான் வந்திருந்தது. "காது தெரியணும்" வரும் இடங்கள் எல்லாம் கச்சிதம். அதைச் சுவரில் ஒட்டக் கொடுக்கவில்லை. ஏன் என்று அவனிடமே அவன் கேட்டுக்கொள்ளவுமில்லை. அதில் மிச்சமானதைத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

6

திருவிழா. இதற்கு எழுதுகிறவன் கையில் பல முடிவுகள் இருந்தன.

முடிவு அ: ஊர்வலம் வரும் நேரம் பெருங்காற்று. துணி பேனாவின் கையிலிருந்து பறிபோய், பாய்மரம் மாதிரி உப்பி, விளக்குச் சரங்களுக்கு மேலே மிதக்கிறது. கீழே ஆயிரம் முகங்கள் அண்ணாந்து பார்க்கின்றன. அத்தை அழுத்துகிறாள். அற்புதமான படம். (அன்று காற்றே இல்லை. விளக்குச் சரம்கூட ஆடவில்லை.)

முடிவு ஆ: அத்தை துணியை ஆற்றில் விடுகிறாள். அது மெல்ல — (அத்தையைத் தெரிந்தவர்கள் இதை எழுதமாட்டார்கள். நல்ல பருத்தி.)

நடந்தது இது. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் தெருவில் நிற்கிற அந்தச் சாயங்காலம், அத்தை வழக்கம்போல ஸ்டூலைப் போட்டாள், பேனா வழக்கம்போல சரணடைந்தான். ஒருவர் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னொருவர். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் திருவிழாக் கூட்டம் அதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்து வரிசை கட்டிவிட்டது. முகத்தில் சாயம் பூசியவர்கள், காகித இறக்கை கட்டியவர்கள், பாண்டு வாத்தியக்காரர் ஒருவர் வாத்தியத்தோடு.

"முகமூடிக்குக் காது இல்லம்மா," என்றது ஒரு குரல்.

"அப்ப உங்க காதக் காட்டுங்க. முகமூடியக் கொஞ்சம் முன்னால இழுங்க."

உயரமான கட்டைக்கால் கட்டியவர் வந்தபோது, தலை துணிக்கு மேலே போய்விட்டது.

"டேய் பேனா, தூக்கு!"

"அத்தை, நான் மனுஷன். ஏணி இல்ல."

"நான் வேணா குனியட்டுமா?" என்றார் மேலே இருந்தவர், மரியாதையாக.

"குனிஞ்சா விழுந்துருவீங்க. பரவால்ல, அப்படியே நில்லுங்க."

சிரிப்பு. அத்தையும் சிரித்தாள். பேனா அதைப் பார்க்கவில்லை, கேட்டான். அந்த மாதத்தில் அவன் எதிர்பாராதவற்றில் அது ஒன்று.

அத்தைக்கு ஒரு பழக்கம். ஆள் மாறும்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேமராவுக்குள் பார்த்தபடியே "அடுத்தவங்க" என்பாள். அப்படித்தான் அப்போதும் சொன்னாள்.

"அடுத்தவங்க. ஸ்டூல் வேண்டாம், நின்னுக்கிட்டே எடுத்துரலாம். முடியக் கொஞ்சம் ஒதுக்குங்கம்மா, காது —"

நின்றுவிட்டது.

வாக்கியங்களைப் பாதியில் விடுவது தன் தனிச் சொத்து என்று நினைத்திருந்த பேனா, துணிக்கு ஓரமாக எட்டிப் பார்த்தான். வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்து வந்து, அத்தை மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, எடு."

"ஃபோகஸ் ஆகல."

"அது தானா ஆகுற கேமராம்மா."

"ஆகலன்னா ஆகலடி." அத்தை கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள். பட்டை முடியில் சிக்கியது. "டேய் பேனா, இங்க வா. நீ எடு."

"நானா? எனக்கு இதெல்லாம் —"

"வாடா."

"துணி யாரு பிடிக்கிறது?"

அத்தை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு துணிக்குப் பின்னால் போனாள்.

7

எழுதுகிறவன் இந்தக் கதையை முடிக்கப் போவதில்லை. முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமராக் கண்ணாடிக்குள் என்னென்ன தெரிந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறான். மிச்சம் உங்கள் கையில்.

பேனாவுக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்று தெரியாது. கூட்டம் இடித்து இடித்து, ரொம்பவே பின்னால் போயிருந்தான். அதனால் துணி நடுவில் சின்னதாகத் தெரிந்தது. அதைச் சுற்றி எல்லாம் உள்ளே வந்துவிட்டது. விளக்குச் சரங்கள், வரிசையில் பொறுமையிழந்த இறக்கைக்காரர்கள், இன்னும் போகாமல் மேலேயிருந்து வேடிக்கை பார்க்கும் கட்டைக்கால்காரர், கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பேருந்து, அதன் ஜன்னல்களில் முகங்கள், மேல் மாடியில் போர்வைக்காரி.

துணிக்கு மேலே, இரண்டு மூலைகளிலும், விரல்கள். ஸ்டூலில் ஏறி நின்றும் எட்டாமல் எட்டிப் பிடித்த குட்டை விரல்கள். ஒன்றில் மோதிரம்.

விளக்குகள் எல்லாம் துணிக்குப் பின்னால் இருந்தன. அதனால் துணியில் நிழல் விழுந்திருந்தது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு பெண்ணின் நிழல், முழுசாக. அலுவலகத்தில் நிச்சயம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேனா பார்த்தான். கேமராவை இறக்கவில்லை.

நிழலுக்கு முன்னால் நாளைக் காலை போகிறவள். முடி இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்குள் பார்த்தபோது, அந்த முகத்தில் பாதி இப்போதே கடல் தாண்டிப் போய்விட்ட மாதிரி இருந்தது.

அவள் முடியை ஒதுக்கினாளா, முறைத்தாளா, சிரித்தாளா, படம் விழுந்ததா, அது இப்போது எந்தச் சுவரில் இருக்கிறது, எதையும் அவன் சொல்லமாட்டான். சொல்லத் தெரிந்ததெல்லாம் அதற்கு ஒரு நொடி முன்பு நடந்தது. பாண்டு சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அதற்குத்தான் அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

"அசையாத," என்றான். பிறகு, "காது தெரியணும்."